நெற்றிவரையா, தாடைவரையா?

காட்டுப்பள்ளியில் பனி பெய்ததில்லை. எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே, கிழக்கில் வங்கக்கடலும் மேற்கில் பக்கிங்காம் கால்வாயுமாக, பழவேற்காட்டை நோக்கி நீளும் ஒடுங்கிய மணல் நிலம் அது. 2013-இல் இயங்கத் தொடங்கிய துறைமுகம், அதையொட்டிக் கப்பல் கட்டும் தளம், பக்கத்திலேயே காமராஜர் துறைமுகம். மிச்சமிருக்கும் கரையில் மீனவர்களின் ஃபைபர் படகுகள். பனிச்சறுக்குப் பலகையின் நீளத்தைப் பற்றி யோசிக்க இதைவிடப் பொருந்தாத இடம் கிடைக்காது என்றுதான் யாரும் நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

முதன்முதலாக ஸ்கீ வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் கேட்பது ஒன்றுதான்: "என் உயரத்துக்கு எத்தனை சென்டிமீட்டர்?" கைவசம் ஒரு விதியும் இருக்கும். பலகையை நிமிர்த்தி நிறுத்தினால் நெற்றிவரை வர வேண்டும் என்பார் ஒருவர், தாடைவரை போதும் என்பார் இன்னொருவர். இந்தக் கரையில் படகுக்குச் சொல்லிவைக்கப் போகிறவரிடம் யாரும் உயரத்தைக் கேட்க மாட்டார்கள். எத்தனை பேர் ஏறுவீர்கள், என்ன வலை, எத்தனை குதிரைத்திறன் இன்ஜின், அலை உடைகிற கரையிலிருந்து தள்ளுவதா, முகத்துவாரத்துக்குள் கட்டுவதா என்று பேச்சு போகும். துறைமுகத்துக்காரர்களும் கப்பலின் நீளத்தைக் கேட்பார்களே தவிர மாலுமியின் உயரத்தைக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. சுமை எவ்வளவு, வேகம் எவ்வளவு, தாங்கும் பரப்பு எப்படிப்பட்டது: படகுக்குக் கேட்கும் இந்த மூன்றையும் ஸ்கீக்கும் கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தமிழர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியும் இல்லை. யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் 1956-இல் நார்வே போய்ச் சேர்ந்தார். அங்கே கால்வைத்த முதல் தமிழராக அவரைச் சொல்வார்கள். மீன்பிடித் தொழிலைக் கற்றுக்கொண்டு, பிற்பாடு யாழ்ப்பாணக் கரையில் வலைத் தொழிற்சாலையும் படகு கட்டும் தளமும் தொடங்கிய சீநோர் திட்டத்துக்கு மூலகாரணமாக இருந்தவர். எண்பதுகளில் போர் விரட்ட, ஆயிரக்கணக்கில் ஈழத்தமிழர் அதே நாட்டுக்குப் போனார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே ஸ்கீ நாள் உண்டு. சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும் இதே கதைதான். இங்கிருந்து காஷ்மீரின் குல்மார்க்குக்கும் உத்தராகண்டின் ஔலிக்கும் போகிறவர்கள் பெரும்பாலும் வாடகைப் பலகையில் கற்றுக்கொள்கிறார்கள். பழகிப்போய் சொந்தமாக ஒரு ஜோடி வாங்கலாம் என்று நினைக்கும்போது அவர்களும் அந்த நெற்றி, தாடைக் கேள்வியில் வந்து நிற்பார்கள்.

பலகை என்று சொன்னாலும் இன்றைய ஸ்கீ வெறும் மரப்பலகை இல்லை. நடுவில் மரம். பாப்ளர், ஆஷ் போன்றவை. மேலும் கீழும் பிசினில் தோய்த்த கண்ணாடி இழை. காட்டுப்பள்ளிக் கரையில் கிடக்கும் படகின் உடலும் இதே வகைப் பொருள்தான். ஸ்கீயின் அடியில் வழுக்குவதற்கு ஒரு பாலிஎத்திலீன் தகடு, இரு ஓரங்களிலும் பனியைக் கடிக்க எஃகு விளிம்பு. இத்தனையும் சேர்ந்து ஒரு வில். நட்ட நடுவில் ஒரு மனிதர் ஏறி நிற்கும்போது எந்த அளவுக்கு வளைய வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் செய்யப்பட்ட வில். நீளம் ஏன் எடையோடு பிணைந்தது என்பதற்கு விடை இங்கேயே இருக்கிறது. நிறுவனங்கள் ஒரே மாடலை 150, 160, 170 சென்டிமீட்டர் என்று வரிசையாகச் செய்யும்போது நீளத்தை மட்டும் கூட்டுவதில்லை, விறைப்பையும் கூட்டுகின்றன. நீளமான பலகை கனமான ஆளுக்கானது என்பது அவர்கள் அனுமானம். 50 கிலோ ஆள் உயரமாக இருக்கிறார் என்பதற்காக 175-ஐ வாங்கினால் அது அவருக்கு வளைந்தே கொடுக்காது.

முதலில் சுமைக் கணக்கு. 60 கிலோ ஆள், 28 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமுமான காலணியோடு புதுப்பனியில் நிற்கிறார். இரு காலுக்கும் சேர்த்து 560 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் 107 கிராம் அழுத்துகிறது, முழங்கால்வரை புதைவார். அவரே 160 சென்டிமீட்டர் நீளமும் சராசரி 9 சென்டிமீட்டர் அகலமுமான இரண்டு ஸ்கீயில் ஏறினால் பரப்பு 2,880 சதுர சென்டிமீட்டர், அழுத்தம் 21 கிராம். ஐந்தில் ஒரு பங்கு. சரி, இன்னும் மிதக்க நீளத்தைக் கூட்டலாமா? 150-லிருந்து 170-க்குப் போனால் பரப்பு 13 சதவீதம்தான் கூடும். அதே நீளத்தில் இடுப்புப்பகுதி 74 மில்லிமீட்டருக்குப் பதில் 100 மில்லிமீட்டர் உள்ள பலகையை எடுத்தால் அந்த இடத்தில் 35 சதவீதம் கூடுகிறது. ஆழப் பனிக்கு வேண்டியது முக்கியமாக அகலம். கற்றுக்கொள்கிறவர் நிற்பதோ இயந்திரம் ஓட்டி இறுக்கிய சரிவில், அங்கே புதைகிற பயம் கிடையாது. ஆக, மிதப்பதற்காக நீளம் என்ற வாதம் முதல் ஜோடிக்குப் பொருந்தாது.

அடுத்து திருப்பம். புதிதாகக் கற்பவர் காலைச் சுழற்றித்தான் திரும்புவார், வேறு வழி தெரியாது. எதையும் நடுவில் பிடித்துச் சுழற்றும்போது, எடை எவ்வளவு என்பதோடு அந்த எடை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். அதுவும் தூரத்தின் வர்க்கமாக. பலகை நீளும்போது எடையும் கூடுகிறது, முனைகளும் தள்ளிப் போகின்றன. ஆகவே சுழற்றுவதற்கான தடை நீளத்தின் கனமாக, அதாவது மூன்றாம் அடுக்காக ஏறுகிறது. 150-க்கும் 170-க்கும் நீளத்தில் 13 சதவீத வித்தியாசம், சுழற்றுவதில் ஏறத்தாழ 46 சதவீத வித்தியாசம். கடையில் கையில் தூக்கிப் பார்க்கும்போது இது தெரியாது. நான்காவது திருப்பத்தில் தொடை எரியும்போது தெரியும்.

பழைய காலத்து ஸ்கீக்காரர்கள் இதையெல்லாம் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார்கள். அறுபதுகள், எழுபதுகளில் கையை மேலே தூக்கினால் மணிக்கட்டைத் தொடும் பலகைதான் ஆண்பிள்ளைக்கு அழகு. இரண்டு மீட்டருக்கு மேல்! நீளம் என்பது தகுதிச் சான்றிதழ் போல ஆகிவிட்டிருந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் கிளிஃப் டெய்லர் என்ற பயிற்சியாளர் இந்த வழக்கத்தை உடைத்தார். தொடக்கத்தில் மிகக் குட்டையான பலகை, கற்கக் கற்கக் கொஞ்சம் நீளமானது, பிறகு இன்னும் கொஞ்சம் என்று படிப்படியாக ஏற்றும் முறை அவருடையது. பிரான்சில் லெ ஆர்க் மலைப்பகுதியில் ரோபேர் பிளான் அதே யோசனையைப் பள்ளியாகவே நடத்தினார். இந்த முறை தேய்ந்து போனதற்குக் காரணம் அது தோற்றது அல்ல. எல்லாருடைய பலகையும் குட்டையாகிவிட்டது, படியேற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

அது எப்படி நடந்தது என்பதில்தான் இந்த விஷயத்தின் அழகான வடிவியல் இருக்கிறது. ஸ்கீயை மேலிருந்து பாருங்கள். முனை அகலம், இடுப்பு ஒடுக்கம், வால் மறுபடி அகலம். பலகையை ஒருக்களித்துச் சாய்த்து நின்றால் அந்த உட்குழிவு ஒரு வட்டத்தின் வில்லாகப் பனியில் படிகிறது. பலகை அந்த வட்டத்திலேயே ஓடத் தொடங்கும், காலைச் சுழற்ற வேண்டியதில்லை. வட்டத்தின் ஆரத்தைக் கணக்கிட பள்ளிக்கூட வடிவியலே போதும்: பனியைத் தொடும் நீளத்தின் வர்க்கத்தை, உட்குழிவு ஆழத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். முனை 122, இடுப்பு 74, வால் 104 மில்லிமீட்டர் என்றால் குழிவு ஒரு பக்கத்துக்கு 19.5 மில்லிமீட்டர். பனியைத் தொடும் நீளம் 145 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஆரம் 13.5 மீட்டர். அதே குழிவோடு 165 சென்டிமீட்டர் என்றால் 17.5 மீட்டர். பழைய நேர்ப்பலகையில் குழிவு 7 மில்லிமீட்டரும் நீளம் 185 சென்டிமீட்டரும் இருந்திருந்தால் 61 மீட்டர்! அத்தனை பெரிய வட்டம் போட மலையே கொள்ளாது. அதனால்தான் காலைச் சுழற்றி, வாலைச் சறுக்கவிட்டு, எழும்பிக் குதித்துத் திரும்பினார்கள்.

இந்தக் குழிவு ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. நார்வேயின் டெலிமார்க் பகுதி மோர்கெடாலைச் சேர்ந்த குடியானவர் சோண்ட்ரே நோர்ஹைம் 1868-இல், இன்று ஓஸ்லோ என்று அழைக்கப்படும் கிறிஸ்டியானியாவுக்கு வந்து எல்லாரையும் அசத்தியபோதே அவர் பலகைக்கு இடுப்பு இருந்தது. தைரியமாக ஆழப்படுத்தத்தான் நூறாண்டுக்கு மேல் பிடித்தது. ஸ்லோவேனியாவின் ஏலான் நிறுவனத்தில் யூரி ஃபிராங்கோ, பாவெல் ஷ்கோஃபித்ஸ் என்ற இரு பொறியாளர்கள் எண்பதுகளின் இறுதியில் அதைச் செய்தார்கள். 1993-இல் அவர்களுடைய பலகை சந்தைக்கு வந்தது. பத்தே ஆண்டில் நேர்ப்பலகை வழக்கொழிந்தது. நெருக்கமாக நட்ட கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் போட்டியின் வீரர்கள் இரண்டு மீட்டரிலிருந்து இறங்கி, இறங்கி, ஒரு கட்டத்தில் மிகக் குட்டையாகப் போய்விட்டதால் சர்வதேச ஸ்கீ சம்மேளனம் தலையிட்டுக் கீழ்வரம்பு போட வேண்டியதாயிற்று. இன்று ஆண்களுக்கு ஸ்லாலம் பலகை 165 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, பெண்களுக்கு 155. உலகின் மிகத் திறமையான ஆண்கள் தங்கள் உயரத்தைவிடக் குட்டையான பலகையில், அதுவும் விதி தடுக்காவிட்டால் இன்னும் குறைக்கத் தயாராக நிற்கும்போது, முதல்முறை வாங்குகிறவருக்கு நெற்றியைத் தாண்டிய பலகையை விற்பது அநியாயம் என்பேன்.

பிறகு நீளம் எதற்குத்தான்? அதே சம்மேளனம் வேகம் கூடிய ஜெயன்ட் ஸ்லாலத்துக்கு ஆண்களிடம் 193 சென்டிமீட்டரும் 30 மீட்டர் ஆரமும் கேட்கிறது. அதைவிட வேகமான டவுன்ஹில் போட்டிக்கு 218 சென்டிமீட்டர், 50 மீட்டர். 2022-இல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே போட்டியாளராக இறங்கிய குல்மார்க் பகுதிக்காரர் ஆரிஃப் கான், ஸ்லாலத்துக்கும் ஜெயன்ட் ஸ்லாலத்துக்கும் வெவ்வேறு நீளப் பலகைகளில்தான் ஓடியிருக்க முடியும். ஆள் அதே ஆள், உயரம் அதே உயரம். மாறியது வேகம்.

மணிக்கு 15 கிலோமீட்டரில் 13.5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் பக்கவாட்டில் இழுப்பது உடல் எடையில் எட்டில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 60 கிலோமீட்டரில் அதே வட்டத்தில் திரும்ப முயன்றால் இழுப்பு உடல் எடையைப்போல் இரு மடங்கு ஆகிவிடும். சாதாரண மனிதர் கால் தாங்காது. எனவே வேகக்காரருக்குப் பெரிய வட்டம் வேண்டும், நீளமான விளிம்பு வேண்டும். இன்னொன்றும் உண்டு. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நாட்களில் எண்ணூருக்கு வெளியே சிற்றலை நெருக்கமாக எழும்பும்போது குட்டைப் படகு ஒவ்வொரு அலைக்கும் அணியத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். நீளப் படகு இரண்டு அலைமுகட்டில் ஒரே நேரத்தில் படுத்துக்கொண்டு போய்விடும். கரடுமுரடான பனியில் வேகமாக இறங்கும் நீளமான ஸ்கீ செய்வதும் அதுதான். குட்டைப் பலகையில் வேகமெடுத்தால் முனை படபடவென்று அடித்துக்கொள்ளும்.

அதே நீளப் படகு, கரையோரம் உடைகிற அலையில் குறுக்கே திரும்பிவிட்டால் மறுபடி நேராக்க எத்தனை பாடு என்று அதைத் தள்ளியவர்களுக்குத் தெரியும். ஃபைபர் பரவுவதற்கு முன் இந்தக் கடற்கரை முழுக்க ஓடிய கட்டுமரத்திலும் ஒரே அளவு என்று இருந்ததில்லை. ஓரிரு ஆள் போகச் சிறியது, வலையோடு பலர் போகப் பெரியது. எதையும் எதற்கும் எடுத்துக்கொண்டு போனதில்லை.

சரி, எண்ணைச் சொல்லாமல் இழுத்துக்கொண்டே போவது நியாயமில்லை. மலைச்சரிவில் இறங்கும் ஸ்கீயை முதன்முதலாக வாங்கும் பெரியவருக்குத் தாடைக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட உயரம். 170 சென்டிமீட்டர் ஆளுக்கு 150 முதல் 160. இது தொடக்கப்புள்ளிதான். உயரத்துக்கு எடை குறைந்தவர் கீழ் நுனியை எடுக்கலாம், எடை கூடியவர் மேல் நுனியை. பயந்த சுபாவம் என்றால் கீழே, ஸ்கேட்டிங் பழகிய கால் என்றால் மேலே. இடுப்பு அகலம் 70-இலிருந்து 80 மில்லிமீட்டருக்குள். உயரம் இந்தக் கணக்கில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம், பொதுவாக உயரமானவர் கனமாகவும் இருப்பார் என்ற தோராயம்தான். கடைக்காரரிடம் எடை பார்க்கும் கருவி இல்லை, கண் இருக்கிறது.

பலகையில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். சில நிறுவனங்கள் வளைந்த முனையோடு சேர்த்து மேற்பரப்பை அளக்கின்றன, சில முனைக்கு முனை நேர்க்கோடாக அளக்கின்றன. சென்டிமீட்டர் கணக்கில் வித்தியாசம் வரும். அதைவிடப் பெரியது, முனையைச் சீக்கிரமே மேலே தூக்கிவிடும் ராக்கர் என்ற வடிவம். 170 என்று எழுதியிருக்கும், இறுகிய பனியைத் தொடுவது அதில் ஒரு பகுதிதான். அப்படிப்பட்ட பலகையில் ஐந்து சென்டிமீட்டர் கூட்டி எடுத்தாலும் கால் கண்டுபிடிக்காது. இத்தனைக்கும், கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கு பூட்ஸுக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. பூட்ஸ் தளர்வாக இருந்தால் எந்த நீளப் பலகையும் சொன்ன பேச்சைக் கேட்காது.

பிள்ளைகள் விஷயத்தில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்று குறுக்கே வரும். வளருகிற பிள்ளை, அடுத்த வருசத்துக்கும் ஆகட்டும் என்று சட்டையையும் செருப்பையும் பெரிதாக எடுப்போம். ஸ்கீயில் இது கூடவே கூடாது. மார்புக்கும் தாடைக்கும் நடுவில் நிற்கும் பலகை போதும் குழந்தைக்கு. வழவழப்பான சரிவில் நிறுத்தத் தெரியாத பிள்ளைக்கு நீளமான வால் ஒரு நெம்புகோல். பின்பக்கம் சாய்ந்து விழும்போது சரிவின் கீழ்ப்பக்கத்து ஸ்கீயின் வால் பனியில் கடித்துக்கொண்டு முழங்காலை உள்ளே முறுக்கும். முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிவதற்கு இது முக்கியமான வழி என்று வெர்மான்ட்டில் ஆய்வு நடத்திய கார்ல் எட்லிங்கர், ராபர்ட் ஜான்சன், ஜாஸ்பர் ஷீலி ஆகியோர் காட்டியிருக்கிறார்கள். பெரியவர்களுக்கும் பொருந்தும் ஆபத்துதான். பூட்ஸைப் பிடித்திருக்கும் பைண்டிங் எந்த விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிநீளம், திறமை ஐந்தையும் பார்த்துக் கடையில் அமைப்பார்கள். அங்கே கூச்சப்பட்டு எடையைக் குறைத்தோ திறமையைக் கூட்டியோ சொன்னால் உடம்புதான் விலை கொடுக்கும். வருடா வருடம் புதிது வாங்க முடியாதே என்றால், நார்வேயில் விளையாட்டுச் சாமான்களை இலவசமாகக் கடன் தரும் பூஆ நிலையங்கள் இருக்கின்றன. பழைய ஸ்கீகளை மாற்றிக்கொள்ளும் சந்தைகளும் உண்டு. குல்மார்க்கிலும் ஔலியிலும் வாடகைக்குக் கிடைக்கும்.

இதுவரை சொன்னது எல்லாம் சரிவில் இறங்கும் ஸ்கீக்கு. ஓஸ்லோவின் தமிழ்ப்பிள்ளை பள்ளிக்கு எடுத்துப்போவது பெரும்பாலும் காட்டுப்பாதையில் நடந்து ஓடும் ஒல்லிப் பலகை, அதன் சட்டமே வேறு. அது ஆளைவிட நீளமாக இருக்கும், பெரியவருக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் கூடுதலாக. ஒரே பலகை வழுக்கவும் வேண்டும், உதைக்கும்போது பிடிக்கவும் வேண்டும். ஸ்காண்டிநேவியக் காட்டுவாசிகள் ஒரு காலத்தில் இந்தச் சிக்கலை நேரடியாகவே தீர்த்தார்கள்: ஒரு காலில் மூன்று மீட்டர் வழுக்குப்பலகை, மறுகாலில் தோல் போர்த்திய குட்டை உதைபலகை. இன்றைய பலகை நடுவில் மேலே வளைந்து நிற்கிறது. இரண்டு காலிலும் எடை பகிர்ந்திருக்கையில் நடுப்பகுதி பனியைத் தொடாது, வழுக்கும். ஒரு காலில் முழு எடையும் இறங்கினால் நடு அமுங்கிப் பனியைப் பற்றும். இந்த வளைவின் விறைப்பைத் தேர்வதில் உயரம் கிட்டத்தட்டப் பயனற்ற எண், எடைதான் எல்லாம்.

சோதிக்கக் கடையில் ஒரு காகிதம் போதும். சமதரையில் இரண்டு பலகையிலும் சமமாக நின்றால், காலடியில் நுழைத்த காகிதம் தாராளமாக முன்னும் பின்னும் நகர வேண்டும். ஒரே காலில் நின்றால் அது சிக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு காலில் நிற்கும்போதே சிக்கினால் பலகை உங்கள் எடைக்கு மெத்து, வழுக்காமல் இழுக்கும். ஒரு காலில் நின்றும் நகர்ந்துகொண்டே இருந்தால் ரொம்ப விறைப்பு, ஏற்றத்தில் பின்னால் வழுக்கும். அப்போது நீளத்தை மாற்றிக் கேட்டுப் பயனில்லை. அதே நீளத்தில் விறைப்பு குறைந்த வேறு ஜோடியை எடுத்து வரச் சொல்லுங்கள்.